ஒத்திகை இல்லாத நாடகமும் அதன் வாத்தியாரும்

2019இல் நடந்த தென்னிந்திய நடிகர் சங்கத் தேர்தலில் மோதிய இரண்டு அணிகளில் ஒன்று, தனக்குச் சூட்டிக்கொண்ட பெயர் சுவாமி சங்கரதாஸ் அணி. சினிமா நடிகர்களின் தேர்தலில் இந்தப் பெயருக்கு என்ன வேலை என்பது பலருக்குப் புதிராக இருந்தது. சங்கரதாஸ் சுவாமிகள் இறந்தது 1922இல். முதல் தமிழ்ப் பேசும்படம் வெளிவந்தது 1931இல். மேடையில்கூட அவர் வேஷம் கட்டிய காலம் குறைவு. மீதிக் காலமெல்லாம் அவர் நடிகர்களுக்குப் பாட்டும் வசனமும் எழுதிப் பாடம் சொன்ன நாடக வாத்தியார்.

நடிகராகத் தொடங்கி வாத்தியாராக மாறும் இந்தப் பாதை அவரோடு முடிந்துவிடவில்லை. மதுரை, புதுக்கோட்டை, திண்டுக்கல், காரைக்குடிப் பக்கம் இசை நாடகம் நடிக்கிறவர்களில் பலர் இன்றும் அதே வழியில்தான் போகிறார்கள். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது வயதான காலத்துப் பொழுதுபோக்காகத் தெரியலாம். ஆனால் வாத்தியார்கள் இல்லாவிட்டால் இந்த நாடகம் ஓர் இரவுகூட மேடை ஏறாது. நடிகர்களைத் தனித்தனியாக ஓர் இரவுக்கு மட்டும் சேர்த்து நடத்தும் இந்த ஸ்பெஷல் நாடகத்துக்கு ஒத்திகையே கிடையாது. ஒத்திகையில் நடக்க வேண்டிய வேலை முழுவதும் பல வருடங்களுக்கு முன்பே வாத்தியார் வீட்டில் முடிந்திருக்க வேண்டும்.

## முதலில் வகைகள்

பேச்சில் அடிக்கடி குழம்பிப்போகும் நான்கு வகைகளைப் பிரித்துக்கொள்வோம்.

1. தெருக்கூத்து. வட மாவட்டங்களில் வேரூன்றியது. நிலையான ஜமா, அதாவது குழு, உண்டு. அங்கும் வாத்தியார் உண்டு, ஆனால் அடவும் பாட்டும் வேறு மரபு. இந்தக் கட்டுரை அதைப் பற்றியதல்ல.

2. சபா நாடகம். படித்தவர்கள் வேறு வேலை பார்த்துக்கொண்டே நடித்தது. பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் சென்னையில் தொடங்கிய சுகுண விலாச சபா இதற்கு முன்மாதிரி. வசனத்துக்கும் ஒத்திகைக்கும் இங்கே முதலிடம்.

3. கம்பெனி நாடகம். ஒரு முதலாளி, சம்பளத்துக்கு நடிகர்கள், வரைந்த திரைகள், ஊர் ஊராகக் கொட்டகை. ஹார்மோனியம், திரைச்சீலை, புது மெட்டுகள் எல்லாம் பார்சி கம்பெனிகளைப் பார்த்து வந்தவை. சிறுவர்களை மட்டும் வைத்து நடத்தியவை பாய்ஸ் கம்பெனி எனப்பட்டன.

4. ஸ்பெஷல் நாடகம். கம்பெனி கிடையாது. ஒவ்வொரு நடிகரையும் தனித்தனியாக அந்த ஓர் இரவுக்கு மட்டும் ஒப்பந்தம் செய்வார்கள். நாயகன் வேஷம் போடும் ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார், நாயகி வேஷம் போடும் ஸ்திரீபார்ட் இன்னோர் ஊரிலிருந்து வருவார், ஹார்மோனியம் மூன்றாவது ஊர். விடிந்ததும் அவரவர் வழி.

இசை நாடகம் என்பது மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் பொதுவான பெயர். வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி, நல்லதங்காள் போன்ற கதைகள் கம்பெனியில் நடந்தன, ஸ்பெஷலிலும் நடக்கின்றன. நூறு ஆண்டுகளில் கம்பெனிகள் மறைந்துவிட்டன. முதலாளி இல்லாத ஸ்பெஷல் முறைதான் பிழைத்துக் கிடக்கிறது.

## சங்கரதாஸ் சுவாமிகளின் பாதை

தூத்துக்குடிக்குப் பக்கத்தில் காட்டுநாயக்கன்பட்டியில் 1867 செப்டம்பர் 7 அன்று பிறந்தவர். தந்தை தாமோதரம் பிள்ளை இராமாயணத்தில் புலமை உள்ளவர். பழனி தண்டபாணி சுவாமிகளிடம் யாப்பு படித்தார். உப்புத் தொழிலில் கணக்கு எழுதும் வேலை பார்த்துவிட்டு 24ஆம் வயதில் நாடகத்துக்கு வந்தார். எமன், இராவணன், இரணியன், சனீசுவரன் மாதிரியான உக்கிர வேஷங்கள் அவருடையவை.

நடிப்பை அவர் ஏன் விட்டார் என்பதற்கு ஒரு கதை வழங்குகிறது. அவருடைய பயங்கர வேஷத்தைக் கண்டு ஒரு கர்ப்பிணிக்குக் கரு கலைந்ததாம், அன்றோடு வேஷம் கட்டுவதில்லை என்று முடிவெடுத்தாராம். கதை உருக்கமானது. நடந்தும் இருக்கலாம். ஆனால் அதை மட்டும் காரணமாகச் சொன்னால் அன்றைய நாடகத் தொழிலின் தேவை மறைந்துபோகிறது. கம்பெனிகளுக்கு நடிகர்கள் கிடைத்தார்கள். பாட்டும் வசனமும் எழுதி, அதைப் பிறருக்குப் பாடம் சொல்லவும் தெரிந்தவர்தான் அரிதாக இருந்தார். யாப்பு, மேடை, தாளம் மூன்றும் ஒரே ஆளிடம் கூடி வந்தது அவரிடம்தான்.

தாளம் வந்தது புதுக்கோட்டையில். கஞ்சிராவைக் கச்சேரி வாத்தியமாக்கிய மான்பூண்டியா பிள்ளை அவரைத் தன் பிள்ளைபோல் வைத்துக்கொண்டு லயம் சொல்லிக்கொடுத்தார். சுவாமிகளின் பாட்டுகளில் சந்தம் சறுக்காமல் போவதற்கும், மிருதங்கக்காரர் அவற்றை விரும்பி வாசிப்பதற்கும் இந்தப் பயிற்சிதான் அடிப்படை.

பிறகு வள்ளி வைத்தியநாதையர், அல்லி பரமேசுவரையர் போன்றோரின் குழுக்களில் ஆசிரியர் வேலை. 1910இல் சமரச சன்மார்க்க நாடக சபை. ஜகந்நாதையரின் பாய்ஸ் கம்பெனியிலும் ஆசிரியர். 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை. பெரிய நடிகர்களின் ஒழுங்கீனம் பொறுக்காமல்தான் சிறுவர் பக்கம் திரும்பினார் என்பது பொதுவாகச் சொல்லப்படும் காரணம். பின்னாளில் பெயர்பெற்ற நாடக நடிகர்களான டி.கே.எஸ். சகோதரர்கள் சிறுவர்களாகச் சேர்ந்தது இந்த 1918 சபையில்தான். அவர்களில் ஒருவரான டி.கே. சண்முகத்துக்காக அபிமன்யு சுந்தரி நாடகத்தைப் பாட்டும் வசனமுமாக ஒரே இரவில் எழுதி முடித்தார் என்பது நாடக உலகில் இன்றும் சொல்லப்படும் செய்தி. கடைசிக் காலத்தில் பக்கவாதம் தாக்கியது. 1922 நவம்பர் 13 அன்று புதுச்சேரியில் இறந்தார். எழுதியவை ஏறத்தாழ 50 நாடகங்கள்.

அவர் பெயரில் புதுவைப் பல்கலைக்கழகத்தில் நிகழ்கலைப் பள்ளி இருக்கிறது. ஆனால் அவருடைய உண்மையான பாடசாலை இன்றும் பழைய நோட்டுப் புத்தகங்களில் நடந்துகொண்டிருக்கிறது.

## ஓர் இரவு எப்படி ஓடுகிறது

ஊர்த் திருவிழாவுக்கு விழாக் கமிட்டி நாடகம் பேசுகிறது. ஏஜென்ட் ஒருவர் நடிகர்களை ஒன்றுசேர்க்கிறார். நடிகர்களின் படம் போட்ட நோட்டீஸ் ஒட்டப்படுகிறது. இரவு பத்து மணி சுமாருக்குத் தொடங்கி விடியும்வரை நடக்கும். அன்றைய ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் முகம் பார்த்துக்கொள்வதே பல சமயம் அரிதாரம் பூசும் நேரத்தில்தான். சில இரவுகளில் அதுகூட இல்லை, மேடையில்தான் சந்திப்பு.

வள்ளி திருமணத்தை எடுத்துக்கொண்டால் வரிசை ஏறக்குறைய இப்படி இருக்கும்:

1. இசைக்குழுவின் கோஷ்டி கானம். ஹார்மோனியம், மிருதங்கம், சத்தங்களுக்கான ஆல்ரவுண்ட் ஆகியோர் சுருதியும் ஒலிபெருக்கியும் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்வதும் இதிலேயே நடந்துவிடும்.
2. சிரிப்பு மூட்டும் பபூன் தனியாக வருவார். பிறகு பபூனும் ஆட்டக்காரியான டான்ஸும் சேர்ந்து.
3. நள்ளிரவை ஒட்டிக் கதை. வள்ளி தினைப்புனம் வருதல், நாரதர் வருகை, இருவருக்கும் தர்க்கம்.
4. முருகன் வேடனாக வருதல், வேடனுக்கும் வள்ளிக்கும் தர்க்கம். இரவின் உச்சம் இது.
5. முருகன் விருத்தனாக, அதாவது கிழவனாக, வருதல், யானை, திருமணம், மங்களம்.

இதில் எழுதி வைத்த பிரதி என்று ஒன்று மேடையில் இல்லை. ஒருவர் எவ்வளவு நேரம் பாடுவார், தர்க்கத்தில் எந்தக் கேள்வியைப் போடுவார் என்பது எதிரே நிற்பவருக்குத் தெரியாது. ஆனால் எந்தக் கட்டத்தில் எந்தப் பாட்டு வரும், எந்த வசனத்துக்குப் பிறகு ஹார்மோனியம் எடுக்கும், எந்தக் கேள்விக்கு எந்த விருத்தம் (தாளமில்லாமல் ராகத்தில் பாடும் செய்யுள்) பதில் என்பது எல்லோருக்கும் தெரியும். ஒரே மூலப் பாடத்திலிருந்து, ஒன்றுக்கொன்று உறவுள்ள வாத்தியார்களிடம், அவர்கள் தனித்தனியே படித்து வந்திருப்பதுதான் இதற்கு அடிப்படை. ஸ்பெஷல் நாடகத்தை மனோதர்மம், அதாவது மேடையில் அப்போதே பிறக்கும் கற்பனை, என்று மட்டும் புகழ்கிறவர்கள், அந்த மனோதர்மம் எதன்மேல் நிற்கிறது என்பதைப் பார்க்கத் தவறுகிறார்கள்.

## பாடம் சொல்லும் வரிசை

புதிதாகச் சேரும் ஒருவர் வேஷத்துக்குத் தயாராகும் படிகள்:

1. நோட்டு. வாத்தியார் சொல்லச் சொல்ல மாணவர் தன் கையால் எழுதிக்கொள்ள வேண்டும். அச்சுப் புத்தகம் இருந்தாலும் இதை விடமாட்டார்கள். அச்சில் பாட்டு இருக்கும், எந்த இடத்தில் இழுக்க வேண்டும், எங்கே மூச்சு எடுக்க வேண்டும், எந்த அடியைத் திருப்பிப் பாட வேண்டும் என்பது இருக்காது. நல்ல நோட்டில் பாட்டின் பக்கத்தில் ராகம், தாளம், பழகிய மெட்டு மூன்றும் குறித்திருக்கும்.

2. விருத்தம். தாளம் இல்லாததால் முதலில் இது. ஹார்மோனியத்தில் ஆதார ஸ்வரமான ஸட்ஜமத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஒவ்வோர் அடியாக. சொல்லைப் பிரிக்கக்கூடாத இடத்தில் பிரித்துப் பாடுவது தொடக்கக்காரர்களின் முதல் கோளாறு. சீர் பிரித்து வாசிக்கச் சொல்லிவிட்டுத்தான் ராகத்துக்குப் போக வேண்டும். முதலிலேயே ராகத்தில் கொடுத்தால், பையன் பாட்டின் நெளிவான சங்கதியைப் பிடித்துக்கொண்டு பொருளை விட்டுவிடுவான்.

3. தாளப் பாட்டு. ஆதிக்கு 8, ரூபகத்துக்கு 3, மிச்ர சாப்புக்கு 7, கண்ட சாப்புக்கு 5. கையால் தட்டிக்கொண்டே முதலில் சொல்லாகவும் பிறகு பாட்டாகவும். பல பாட்டுகள் தாளத்தின் தலையில் எடுக்காமல் தள்ளி எடுக்கும். அந்த இடத்தைக் கையில் பிடிக்காத நடிகர் மேடையில் மிருதங்கக்காரரைத் திரும்பிப் பார்ப்பார். கூட்டம் அதை உடனே கவனித்துவிடும்.

4. வசனம். எல்லா வசனமும் ஒரே எடை உள்ளதல்ல. பாட்டுக்கு முந்தைய கடைசி வரி மாறவே கூடாது. ஹார்மோனியக்காரர் அந்த வரியைக் கேட்டுத்தான் கட்டையில் கை வைப்பார். இடையில் உள்ளதைக் கூட்டலாம், குறைக்கலாம். எது ஆணி, எது தொங்கல் என்று மாணவருக்குப் பிரித்துக் காட்டுவது வாத்தியாரின் வேலை.

5. தர்க்கம். ஒரு வேஷத்தின் கேள்விகளை மட்டும் படித்தால் போதாது, எதிர் வேஷத்தின் கேள்விகளும் விடைகளும் தெரிந்திருக்க வேண்டும். ஆண் உயர்வா பெண் உயர்வா என்பதுபோல் பழகிய தலைப்புகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் நான்கைந்து சுற்று தாங்கும் அளவுக்குச் செய்யுளும் கதையும் உவமையும் கைவசம் வேண்டும். கடைசியில் யார் விட்டுக்கொடுக்க வேண்டும் என்பது கதை தீர்மானித்தது. வேகத்தில் அதை மறந்து எதிராளியை ஒரேயடியாக மடக்கிவிட்டால் கதை நின்றுபோகும்.

6. கண்ணால் படிப்பது. வாத்தியாரோடு சில மாதங்கள் நாடகங்களுக்குப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது. பிறகு தோழி மாதிரியான சிறு வேஷம். அதன் பிறகுதான் பெரிய பார்ட்.

சில மாதங்களில் ஒரு நாடகத்தின் ஒரு பார்ட்டைப் படித்துவிடலாம். ஆனால் பிழைப்பு நடத்த ஒரு நாடகம் போதாது. கமிட்டி எந்த நாடகத்தைக் கேட்கும் என்பது நடிகரின் கையில் இல்லை.

## கட்டைக் கணக்கு

நடிகர் வாத்தியாராக மாறும்போது அதிகம் தடுமாறும் இடம் சுருதி. இதைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும்.

ஹார்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகளை ஸட்ஜமமாக வைத்து 1 முதல் 7 வரை எண்ணுகிறோம். இடையிலுள்ள கறுப்புக் கட்டைகள் 1½, 2½, 4½, 5½, 6½. மூன்றுக்கும் நான்குக்கும் இடையில் கறுப்பு கிடையாது, ஏழுக்கும் அடுத்த ஒன்றுக்கும் இடையிலும் கிடையாது. ஆகவே மூன்றரைக் கட்டை என்று ஒருவர் சொன்னால் அவர் ஹார்மோனியம் பக்கம் போகாதவர் என்று தெரிந்துவிடும்.

ஒலிபெருக்கி வராத காலத்தில் கொட்டகையின் கடைசி வரிசைக்குக் குரல் எட்ட வேண்டும். உச்ச சுருதியில் பாடுபவருக்கே மதிப்பு. எஸ்.ஜி. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் பெயர் வாங்கியதில் இந்தக் கணீர் என்ற உயர்ந்த குரலுக்குப் பெரிய பங்கு உண்டு. ஸ்திரீபார்ட்டும் ஆண் பிள்ளைகளே போட்ட நாடகங்களில் இருவருடைய சுருதியும் நெருங்கி இருந்தது. இப்போது ராஜபார்ட் ஆண், ஸ்திரீபார்ட் பெண். ஆணுக்கு ஒன்று முதல் இரண்டு கட்டை, பெண்ணுக்கு ஐந்தை ஒட்டி என்பது சாதாரணமாகக் காணும் அளவு.

தனிப்பாட்டில் சிக்கல் இல்லை, அவரவர் சுருதிக்கு ஹார்மோனியக்காரர் மாறிக்கொள்வார். தர்க்கத்தில்தான் வம்பு. ஆண் 2 கட்டையிலும் பெண் 5 கட்டையிலும் இருந்தால் ஒரு வழி உண்டு. இரண்டாம் கட்டை ஸட்ஜமம் என்றால் அதன் நான்காவது ஸ்வரமான சுத்த மத்தியமம் சரியாக ஐந்தாம் கட்டையில் விழும். ஆணின் மத்தியமத்தைப் பெண் ஸட்ஜமமாக எடுத்துக்கொள்ளலாம், ஹார்மோனியத்தில் இரண்டு கட்டைகளையும் மாற்றி மாற்றிப் பிடித்தால் காதுக்கு உறுத்தாது. ஆண் 1 கட்டை என்றால் அவருடைய ஐந்தாவது ஸ்வரமான பஞ்சமம் பெண்ணின் ஸட்ஜமம். அதுவும் பொருந்தும். ஆண் 1½ கட்டை, பெண் 5 கட்டை என்று வந்தால்தான் எந்த உறவும் அமையாது. அப்போது யாராவது ஒருவர் அரைக் கட்டை நகர வேண்டும். பெரும்பாலும் பெயர் குறைந்தவர் நகர்வார்.

ஆகவே மாணவரின் சுருதியை நிர்ணயிக்கும்போது அவருக்கு எது எளிது என்று மட்டும் பார்த்தால் போதாது. எதிர்ப் பார்ட்டுக்காரர்கள் வழக்கமாக நிற்கும் கட்டையோடு அது உறவாடுமா என்றும் பார்க்க வேண்டும். மேடையில் தன் கட்டையில் மட்டுமே பழகிய ராஜபார்ட் வாத்தியாராகும்போது இந்த இரண்டாவது கேள்வி அவருக்குத் தோன்றுவதே இல்லை. தன் சுருதியிலேயே எல்லோரையும் பாட வைப்பார். மாணவர் சில வருடங்களில் தொண்டை கட்டிக்கொண்டு நிற்பார்.

## மகரக்கட்டு

பருவ வயதில் பையனின் குரல் உடைவதுதான் மகரக்கட்டு. பாய்ஸ் கம்பெனி வாத்தியார்களின் பெரிய பயம் இது. பையனுக்குப் பன்னிரண்டிலிருந்து பதினைந்து வயதுக்குள் குரல்வளை பெரிதாகிறது, குரல் நாண்கள் நீண்டு தடிக்கின்றன. பேச்சுக் குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி கீழே இறங்கும். பெண்களுக்கும் மாற்றம் உண்டு, ஆனால் அது இரண்டு மூன்று அரைக்கட்டை அளவோடு நின்றுவிடும். நேற்றுவரை ஐந்து கட்டையில் வள்ளியாகப் பாடிய பையன் இன்று மேல் ஸ்தாயியான தார ஸ்தாயியில் உடைகிறான், பேசும்போது இரண்டு குரல் வருகிறது.

தவறு நேர்வது எப்படி? விலைபோகும் ஸ்திரீபார்ட்டை இழக்க முதலாளிக்கு மனம் வராது. பழைய கட்டையிலேயே அழுத்திப் பாட வைப்பார்கள். நாண்கள் வளர்ந்துகொண்டிருக்கும்போது அழுத்தினால் வீங்கும். வீக்கத்தின் மேல் பாடினால் கரகரப்பு நிலைத்துவிடும், நாணில் முடிச்சும் விழலாம். விவரம் தெரிந்த வாத்தியார் செய்வது வேறு:

1. சுருதியை அரை அரைக் கட்டையாக இறக்கிக்கொண்டே வருவார். உடையும் இடத்துக்கு இரண்டு ஸ்வரம் கீழேயே நிறுத்துவார்.
2. அதிகாலையில் கீழ் ஸ்தாயியான மந்திர ஸ்தாயியில் மெல்லிய சாதகம், அதாவது குரல் பயிற்சி, மட்டும். கத்திப் பாடும் சாதகம் நிறுத்தப்படும்.
3. வேஷத்தை மாற்றுவார். பாட்டுக் குறைந்த பார்ட், காமிக், திருடன் வேஷமான கள்ளபார்ட்.
4. அந்த இடைவெளியில் ஹார்மோனியமோ மிருதங்கமோ பழக்குவார்.

நான்காவது படியில்தான் பல வாத்தியார்கள் உருவானார்கள் என்பது என் கணிப்பு. குரல் திரும்பாவிட்டாலும் பையன் வீணாகவில்லை. எல்லாப் பார்ட்டும் காதில் விழுந்திருக்கிறது, கையில் வாத்தியமும் இருக்கிறது. குரல் திரும்பியவர்கள் நடிகர்களாகத் தொடர்ந்தார்கள். பாய்ஸ் கம்பெனிகளில் வளர்ந்த எம்.ஜி.ஆர்., சிவாஜி கணேசன், எம்.ஆர். ராதா ஆகியோரின் வசன உச்சரிப்பில் இந்தப் பயிற்சியின் தடம் உண்டு. எம்.ஜி.ஆருக்கு மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் சொல்லிக்கொடுத்த காளி என். ரத்னமும் நடிகராக இருந்து ஆசிரியரானவரே.

## நல்ல நடிகர் தடுமாறும் இடங்கள்

மேடையில் கைதட்டல் வாங்கியவர் நன்றாகச் சொல்லிக்கொடுப்பார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. சுருதிக் கோளாறு போக, மூன்று குறைகள் திரும்பத் திரும்ப வருகின்றன.

ஒன்று, தன் பார்ட்டை மட்டும் தெரிந்திருப்பது. இருபது வருடம் வேடனாக நின்றவருக்கு வள்ளியின் பதில்கள் காதில் பதிந்திருக்கும், ஆனால் பாடமாக இருக்காது. வாத்தியாராக உட்காரும்போது முழு நாடகமும் வேண்டும். ஆர்மோனியக்காரர்கள் வாத்தியாராக ஜொலிப்பதற்கு இதுவே காரணம். அவர்கள் ஒவ்வோர் இரவும் எல்லாப் பார்ட்டுக்கும் வாசித்திருக்கிறார்கள், வாசித்துக்கொண்டே பின்பாட்டும் பாடியிருக்கிறார்கள்.

இரண்டு, தன் சாயலைக் கொடுப்பது. மாணவர் அந்த இழுப்பு, கையசைவு, மூக்கொலி வரைக்கும் பிரதி எடுப்பார். கமிட்டிக்காரர்கள் அசலே கிடைக்கும்போது நகலை ஏன் கூப்பிட வேண்டும் என்று நினைப்பார்கள். மாணவருக்கு நாடகம் குறையும், காரணம் யாருக்கும் புரியாது. பாடிக் காட்டுவதைக் குறைத்து, ஹார்மோனியத்தில் வாசித்துக் காட்டி மாணவரையே பாட விடுவது இதற்கு மாற்று.

மூன்று, பாட பேதம். சினிமா மெட்டில் சேர்த்த பாட்டு, தன் சொந்தக் கற்பனையில் கூட்டிய வசனம், சுவாமிகளின் மூலம் மூன்றையும் ஒரே நோட்டில் வேறுபாடு காட்டாமல் கொடுத்துவிடுவது. மாணவர் வேறு மாவட்டத்து ஸ்திரீபார்ட்டோடு நிற்கும்போது, தான் எதிர்பார்க்கும் பாட்டு வராது. மேடையில் ஏற்படும் பாதிக் குழப்பம் இதனால்தான். மூலத்தை ஒரு மையிலும் சேர்த்ததை இன்னொரு மையிலும் எழுத வைத்தால் போதும். அதைச் செய்கிறவர்கள் குறைவு.

## பணமும் வயதும்

நாடகம் கோயில் திருவிழாவோடு கட்டுண்டது. மாசி, பங்குனி தொடங்கி ஆடி வரை இரவுகள் நிறைந்திருக்கும். மழைக்காலத்தில் திறந்தவெளி நாடகம் இல்லை. ஒரு வருடச் சாப்பாட்டை அரை வருடத்தில் சம்பாதிக்க வேண்டும். கூலி இரவுக்கு இவ்வளவு என்று, அதுவும் நடிகரின் பெயரைப் பொறுத்து மாறும்.

இதில் வயது இருபாலரையும் ஒரேபோல் தாக்குவதில்லை. குரல் நிற்கும்வரை ராஜபார்ட் ஐம்பதைத் தாண்டியும் முருகனாக வரலாம், கூட்டம் ஏற்றுக்கொள்ளும். ஸ்திரீபார்ட் பெண்ணுக்கு அந்தச் சலுகை கிடையாது. நோட்டீஸில் போடும் படத்தைப் பார்த்தே பலர் தீர்மானிக்கிறார்கள். இரவுப் பயணம், விடியற்காலைப் பேருந்து, ஊரின் வாய்ப்பேச்சு ஆகியவற்றின் சுமையும் பெண்ணின் தோளில்தான் அதிகம். ஆகையால் பெண்கள் முன்னதாகவே பாடம் சொல்லத் தொடங்க வேண்டியிருக்கிறது. ஆனால் வாத்தியார் என்ற மரியாதை ஆண்களுக்குக் கிடைத்த அளவு அவர்களுக்குக் கிடைக்கவில்லை. அவர்களிடம் படிப்பவர்களில் பெரும்பாலோர் சொந்தக்காரப் பெண்களே, குருதட்சணை என்று எதுவும் கைக்கு வருவதில்லை.

நலிந்த கலைஞர்களுக்கான உதவித்தொகை தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றம் வழியாக உண்டு. 2007இல் நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியமும் வந்தது. இவற்றில் பதிவு செய்யும்போது நடித்ததற்குச் சான்று காட்டுவது எளிது: நோட்டீஸ் இருக்கிறது, சங்க உறுப்பினர் அட்டை இருக்கிறது. பாடம் சொன்னதற்கு எந்தக் காகிதமும் இருக்காது. எனவே வாத்தியார்கள் பழைய நோட்டீஸ்களைத் தூக்கி எறியாமல் வருடவாரியாக அடுக்கி வைப்பது நல்லது. தன்னிடம் படித்தவர்களின் பெயர், சேர்ந்த வருடம், அரங்கேறிய நாடகம் என்று ஒரு பதிவேடும் வைத்துக்கொள்ளலாம்.

## பத்து மணிக்குப் பிறகு

2000ஆம் ஆண்டின் ஒலி மாசுக் கட்டுப்பாட்டு விதிகள்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த இடத்தில் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. திருவிழாக் காலங்களுக்கு மாநில அரசு நள்ளிரவு 12 வரை விலக்குத் தரலாம், அதுவும் வருடத்துக்கு 15 நாட்களுக்கு மேல் போகக் கூடாது. பத்து மணிக்குத் தொடங்கும் நாடகத்துக்கு இது நேராக இடிக்கிறது. நடைமுறையில் ஊருக்கு ஊர் காவல் நிலைய அனுமதி வேறுபடுகிறது. அதனால் இன்றைய நடிகர் ஒரே வள்ளி திருமணத்தை எட்டு மணி நேரத்துக்கும் நடிக்கத் தயாராக இருக்க வேண்டும், மூன்று மணி நேரத்துக்கும் தயாராக இருக்க வேண்டும்.

சுருக்குவது எப்படி என்று பழைய நோட்டுகளில் இல்லை. மேடையில் நேரம் குறைந்தால் முதலில் பலியாவது விருத்தங்கள். அவற்றை வெட்டினால் கதை அறுபடாது என்பதால் ஏஜென்டுக்கும் கமிட்டிக்கும் அது எளிது. பபூன், டான்ஸ் பகுதியில் யாரும் கைவைக்க மாட்டார்கள், கூட்டம் அதற்காக வருகிறது. ஆனால் தர்க்கத்தின் ஒவ்வொரு வாதமும் ஒரு விருத்தத்தில்தான் முடிகிறது. விருத்தம் போனால் தர்க்கம் வெறும் வாய்ச்சண்டையாகத் தேய்ந்துவிடும்.

வாத்தியார்கள் தங்களுக்குள் கூடி மூன்று மணி நேரப் பாடம் ஒன்றைப் பொதுவாகத் தீர்மானித்தால் ஒழிய இது சரியாகாது. நாரதர் தர்க்கத்தில் இரண்டு சுற்று, வேடன் தர்க்கத்தில் மூன்று சுற்று, ஒவ்வொன்றுக்கும் குறைந்தது ஒரு விருத்தம், விருத்தன் காட்சியில் ஒரு பாட்டு, பிறகு நேராகத் திருமணம் என்று ஒரு கணக்கு வைக்கலாம். ஒரு மாவட்டம் மட்டும் இப்படிச் சுருக்கிக்கொண்டால் பயன் இல்லை. அடுத்த மாவட்டத்து வள்ளி மூன்றாவது சுற்றுக்குக் காத்துக்கொண்டு நிற்பாள், நாரதர் அதற்குள் முருகன் இருக்கும் தணிகைக்குப் போயிருப்பார்.